ஜீப் ராங்லருக்கு எந்த ஸ்டீரிங் ஸ்டெபிலைசர்?

ராங்லரின் முன்பக்கத்தில் குனிந்து பார்த்தால், ஆக்சிலுக்கு இணையாகப் படுத்த வாக்கில் சிறிய ஷாக் அப்சார்பர் ஒன்று தெரியும். அதுதான் ஸ்டீரிங் ஸ்டெபிலைசர். டேம்பர் என்றும் சொல்வார்கள். அதிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கலாம். டயரைப் பெரிதாக்கிய பிறகு ஸ்டீரிங் கையில் உதறத் தொடங்கியிருக்கலாம். நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைத் தாண்டிய நொடியில் முன்சக்கரங்கள் இரண்டும் கட்டுக்கடங்காமல் ஆடியிருக்கலாம். எதுவானாலும் அன்று இரவே எந்த ஸ்டெபிலைசர் வாங்கலாம் என்ற தேடல் தொடங்கிவிடுகிறது. விலை அதிகமில்லை, பெரும்பாலும் இரண்டே போல்ட், வீட்டு வாசலில் நிறுத்தியே மாற்றிவிடலாம் என்பதால் கை உடனே அதற்குத்தான் போகிறது.

சந்தையில் இருப்பவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். தொழிற்சாலையில் வந்ததைப் போன்ற சாதாரண டேம்பர், அழுத்த வாயு நிரப்பிய ஒற்றைக் குழாய் டேம்பர், தண்டு இருபுறமும் வெளிவரும் டேம்பர், இரட்டை டேம்பர், கடைசியாக ஹைட்ராலிக் உதவி ராம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 33 அங்குலம் வரை டயர் போட்டிருப்பவர்களுக்குச் சாதாரண டேம்பரே போதும். 35 அங்குல டயரோடு நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இருபுறத் தண்டு டேம்பருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. இரட்டை டேம்பரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இவை எல்லாவற்றுக்கும் முன், முன்பக்க இணைப்புகளில் எங்கும் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்யாதவர்கள் எதையுமே வாங்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது.

இங்கே பேசுவது 2007 முதல் 2018 வரை வந்த ஜே.கே. ராங்லரையும், 2018 மாடலாக அறிமுகமான ஜே.எல். ராங்லரையும் பற்றி. இரண்டுக்கும் முன்னால் ஒரே துண்டான திட ஆக்சில்தான். காயில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்வது டிராக் பார் என்ற ஒற்றைக் கம்பி. நான்கு கண்ட்ரோல் ஆர்ம்கள் அது முன்பின்னாகப் போகாமலும் உருளாமலும் தடுக்கின்றன. ஸ்டீரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க் சக்கரத்தைத் திருப்புகிறது. டை ராட் இரண்டு சக்கரங்களையும் பிணைக்கிறது. ஸ்டெபிலைசரின் ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை இந்த ஸ்டீரிங் கம்பிகளில் ஒன்றில்.

டேம்பர் செய்வதும் செய்யாததும்

உள்ளே எண்ணெய், அதில் நகரும் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள். மெதுவாகத் தள்ளினால் எண்ணெய் துளை வழியே நிதானமாகக் கடந்துவிடும், எதிர்ப்பு குறைவு. வேகமாகத் தள்ளினால் எதிர்ப்பு எகிறும். அதனால்தான் வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது டேம்பர் இருப்பதே தெரிவதில்லை. சக்கரம் கல்லில் இடித்து ஸ்டீரிங்கை வெடுக்கென்று பறிக்கப் பார்க்கும்போது மட்டும் அது குறுக்கே நிற்கிறது.

சஸ்பென்ஷனில் உள்ள ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது ஒரு எதிர்ப்பும் விரியும்போது வேறொரு எதிர்ப்பும் தரும். ஸ்டீரிங் டேம்பர் அப்படி இருக்கக் கூடாது. இடமும் வலமும் ஒரே அளவில் தடுக்க வேண்டும். அளவு பொருந்துகிறதே என்று பழைய ஷாக் ஒன்றை மாட்டிவிடும் பட்டறைக்காரர்கள் உண்டு. அதை ஏற்கவே கூடாது.

சக்கரத்தை நேர்கோட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது டேம்பரின் வேலை இல்லை. அதைச் செய்வது கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு. ஜே.கே.யில் தொழிற்சாலை அளவு சுமார் 4 பாகை. சஸ்பென்ஷனை இரண்டரை அங்குலம் உயர்த்தினால் கண்ட்ரோல் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து ஆக்சிலைச் சற்று முன்பக்கமாக உருட்டிவிடும், கேஸ்டர் குறைந்துவிடும். பிறகு வண்டி நெடுஞ்சாலையில் இடமும் வலமுமாக அலையும். நீங்கள் ஓயாமல் ஸ்டீரிங்கைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். எவ்வளவு விலையுயர்ந்த டேம்பர் போட்டாலும் அந்த அலைச்சல் தீராது. நீளம் மாற்றக்கூடிய கண்ட்ரோல் ஆர்மோ, கேஸ்டரைத் திருத்தும் பிராக்கெட்டோ போட்டு அலைன்மென்ட் பார்த்தால்தான் தீரும்.

ஆட்டத்தில் வகை உண்டு

மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீரிங் மெல்ல நடுங்கி, வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ நின்றுவிட்டால், பெரும்பாலும் டயர் பேலன்ஸ்தான் காரணம். கல்லிலும் குழியிலும் இடிக்கும்போது மட்டும் ஸ்டீரிங் கையை உதறினால், அது டேம்பர் குறைக்கக்கூடிய உதறல். வெளிப்பக்கம் அதிகம் தள்ளி நிற்கும் ரிம் போட்டவர்களுக்கு இது கூடுதலாக இருக்கும்; ஏனென்றால் டயரின் நடுக்கோடு திருப்பு அச்சிலிருந்து விலக விலக, ஒவ்வொரு கல்லும் நீளமான நெம்புகோல் வைத்துத் தள்ளுகிறது.

மூன்றாவதுதான் டெத் வாபிள். ஏறக்குறைய 70 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில், சாலையில் ஒரு மேடு பள்ளத்தைத் தாண்டியதும் முன் ஆக்சில் முழுவதும் படபடவென ஆடத் தொடங்கி, வேகத்தை நன்றாகக் குறைக்கும் வரை நிற்காது. எங்கோ ஒரு இணைப்பில் உள்ள சிறு ஆட்டம், டயரின் எடை, ஸ்பிரிங்கின் இழுப்பு மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று தூண்டிவிடும் அதிர்வு அது. புதிய, கனமான டேம்பரை மாட்டினால் பல சமயம் இது நின்றுவிடுகிறது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. தளர்ந்த டிராக் பார் போல்ட் தளர்ந்தபடியே இருக்கும். துளை நாளுக்கு நாள் நீள்வட்டமாகிக்கொண்டே போகும். ஆட்டத்தின் அறிகுறி மட்டும் மறைந்துவிடும். அந்தப் புது டேம்பர் தேயும் நாளில் அதே ஆட்டம் இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கூட ஒருவரை வைத்துக்கொண்டு சோதியுங்கள். வண்டி நான்கு சக்கரங்களிலும் தரையில் நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், பார்க்கிங் பிரேக் போட்டிருக்க வேண்டும். உதவிக்கு வந்தவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சிறிய அளவில் விட்டுவிட்டுத் திருப்பட்டும். நீங்கள் பக்கத்தில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள், கை வைத்தும் பாருங்கள். டிராக் பாரின் இரு முனைகளும் அசையவே கூடாது. போல்ட் அதன் துளைக்குள் மில்லிமீட்டர் அளவு நகர்ந்தாலும் குற்றவாளி அதுதான். ஜே.கே.யில் அந்த போல்ட்டுக்கு உரிய முறுக்கு 125 அடி-பவுண்டு, அதாவது சுமார் 170 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று நம்பக் கூடாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

அடுத்து டை ராட், டிராக் லிங்க் முனைகள். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, ஆக்சிலுக்கு ஸ்டாண்டு வைத்து, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயின்ட்டில் மேலும் கீழுமாக ஆட்டம் இருந்தால் தெரிந்துவிடும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங் நிலைமையும் புரியும். பெரிய டயர் போட்ட ஜே.கே.க்களில் பால் ஜாயின்ட் சீக்கிரம் தேய்வது சகஜம்.

இந்தச் சோதனை முடிந்ததும், பழைய டேம்பரைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவே எதிர்ப்பே இல்லாத இடம் இருந்தால், சளக் சளக்கென்று சத்தம் வந்தால், தண்டு வளைந்திருந்தால், எண்ணெய் சொட்டினால் மாற்ற வேண்டியதுதான். வெளியே லேசாக ஈரம் படிந்து அதில் தூசி ஒட்டியிருப்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணம் ஆகாது.

டேம்பர் இல்லாமலே ஆளில்லாத சாலையில் மெதுவாகத் தொடங்கி ஓட்டிப் பார்ப்பது, அனுபவமுள்ள ஜீப் மெக்கானிக்குகள் செய்யும் சோதனை. முன்பக்கம் சரியாக உள்ள ராங்லர் டேம்பர் இல்லாமலும் ஆடாமல் ஓடும். குழிகளில் கொஞ்சம் உதறும், அவ்வளவே. அது ஆடினால் உங்கள் பணம் போக வேண்டிய இடம் வேறு.

சாதாரண டேம்பர்

ஜீப்பின் சொந்தப் பிராண்டான மோபார் தருவதும், ரான்ச்சோ போன்ற நிறுவனங்கள் அதே அமைப்பில் தருவதும் இந்த வகை. நூறு டாலருக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் இரட்டைக் குழாய் அமைப்பு. படுத்த வாக்கில் பொருத்தப்படுவதால் உள்ளே எண்ணெயும் காற்றும் கலந்து நுரைக்காமல் இருக்கத் தனி ஏற்பாடு தேவை. அதனால்தான் நிமிர்ந்து நிற்கும்படி செய்த டேம்பரைப் படுக்க வைக்கக் கூடாது. மேல்பக்கம் எது என்று குறியிட்டிருந்தால் அதை மதிக்க வேண்டும்.

தொழிற்சாலை டயர் அளவிலேயே ஓடும் வண்டிக்கு இதைவிட மேலானது தேவையில்லை. ராங்லரின் உயர் ரகமான ரூபிகான், ஜே.கே.யில் 32 அங்குல டயரோடு வந்தது, ஜே.எல்.லில் 33 அங்குலத்தோடு வந்தது. அந்த எடைக்காகவே இந்த டேம்பர்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. கையில் மிச்சமாகும் பணத்தை டயர் பேலன்ஸுக்கும் அலைன்மென்ட்டுக்கும் செலவிட்டால் வித்தியாசம் கூடுதலாகத் தெரியும்.

ஜே.எல். உரிமையாளர்களுக்குப் பணமே செலவாகாத வழி ஒன்றும் இருக்கிறது. தொடக்க ஆண்டு ஜே.எல்.களில் இந்த ஆட்டத்தைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால், 2019-இல் ஜீப்பின் அன்றைய தாய் நிறுவனமான எஃப்.சி.ஏ. திருத்தப்பட்ட புதிய ஸ்டீரிங் டேம்பரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கின் தீர்வில் 2018 முதல் 2020 வரையிலான ராங்லர்களுக்கும் 2020 கிளாடியேட்டர் பிக்கப்புக்கும் முன் டேம்பருக்கான உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 90,000 மைல் என நீட்டிக்கப்பட்டது. உங்கள் வண்டி அந்த வரம்புக்குள் இருந்தால், கடையில் எதையும் வாங்கும் முன் டீலரிடம் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் பழைய ஜே.எல். வாங்கும் தமிழ் நண்பர்கள் இதைக் கேட்காமலே வெளியில் டேம்பர் வாங்கி மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

வாயு நிரப்பிய ஒற்றைக் குழாய்

பில்ஸ்டீன் 5100 வகை இதற்கு நல்ல உதாரணம். விலை சாதாரண டேம்பரைவிடச் சற்றுக் கூடுதல், தயாரிப்புத் தரம் மிக நன்று. ஒரே குழாய் என்பதால் எண்ணெயின் சூடு நேராக வெளிச்சுவர் வழியே காற்றுக்குப் போய்விடும். எண்ணெயை வாயு அழுத்தத்திலேயே வைத்திருப்பதால் நுரைக்காது, வேகமான அதிர்வுகளிலும் தளராது.

இதன் குறை வேறொன்று. உள்ளே உள்ள அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து வார்ப்பட்டையை அறுத்ததும் தண்டு தானாக முழு நீளத்துக்கு நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: தண்டின் தடிமன் 14 மில்லிமீட்டர், உள்ளே 200 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், தள்ளும் விசை சுமார் 22 கிலோ எடைக்குச் சமம். அது இரவும் பகலும் ஸ்டீரிங் கம்பியை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. பவர் ஸ்டீரிங் அதில் பெரும்பகுதியைக் கையிலிருந்து மறைத்துவிடும். ஆனாலும் நீண்ட நேரான சாலையில் கையை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் நகர்வதை உணரலாம். இது தெரியாதவர்கள் அலைன்மென்ட் கடைக்கு அலைந்துகொண்டே இருப்பார்கள். டேம்பரைக் கழற்றிவிட்டுச் சமதளச் சாலையில் ஓட்டிப் பாருங்கள்; இழுப்பு நின்றுவிட்டால் காரணம் அலைன்மென்ட் அல்ல.

டிராக் லிங்க்கில் உள்ள சரிசெய்யும் குழலைத் திருகி ஸ்டீரிங் சக்கரத்தை நேராக்கலாம். அது ஸ்டீரிங் நிற்கும் நிலையைத்தான் நேராக்கும், தள்ளுவிசையை நீக்காது. ஸ்டீரிங் கோணலாக நின்றபடியே ஓட்டுவதும் நல்லதல்ல. வண்டியின் நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கணினி, நேராகப் போகும் வண்டியைத் திரும்பும் வண்டியாக நினைத்துத் தலையிடக்கூடும்.

நகரத்தில் குறைவாகவும் கரடான மண்சாலையில் அதிகமாகவும் ஓடுபவர்களுக்கு இது நல்ல வாங்கல். தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருபவருக்கு அந்தச் சிறு இழுப்பு எரிச்சலாகவே இருக்கும்.

இருபுறமும் தண்டு

அந்தத் தள்ளுவிசையின் மூலகாரணத்தைப் பாருங்கள். தண்டு உள்ளே போகும்போது எண்ணெயின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு இடம்விட வாயு அறை வேண்டும், வாயு இருந்தால் தள்ளும். பிஸ்டனின் இரண்டு பக்கமும் தண்டு இருந்து, ஒரு பக்கம் உள்ளே போகும் அளவு மறுபக்கம் வெளியே வந்தால், உள்ளே உள்ள கொள்ளளவு மாறுவதே இல்லை. விசைகளும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.எஸ். இந்த அமைப்பில் வருகிறது. எந்தப் பக்கமும் இழுக்காது. எதிர்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் திருகு ஒன்றும் இருக்கிறது.

இந்தத் திருகின் அருமை மலைநாட்டு மண்சாலையில்தான் தெரியும். கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், உபெஹெபி எரிமலைவாயிலிலிருந்து ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப்படுகைக்குப் போகும் சாலை ஏறத்தாழ 27 மைல். பெரும்பகுதி அலை அலையான வரிப்பள்ளங்கள். அங்கே சக்கரம் நொடிக்குப் பலமுறை சிறிதாக உதைபடும். டேம்பர் சூடாகிக்கொண்டே போகும். குழாய் பெரிதாக, எண்ணெய் அதிகமாக இருக்கும் டேம்பர்தான் கடைசி மைல் வரை தாங்கும். அந்தச் சாலைக்கு எதிர்ப்பைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். நகரத்துக்குத் திரும்பியதும் குறைத்துவிடலாம். கூட்டியபடியே ஊருக்குள் ஓட்டினால், திருப்பம் முடிந்த பிறகு ஸ்டீரிங் நடுநிலைக்குத் திரும்பச் சோம்பும், கை வலிக்கும்.

நானூறு டாலரைச் சுற்றி விலை இருக்கும் என்பது இதன் குறை. இன்னொரு குறை நீளம். இரண்டு பக்கமும் தண்டு நகர இடம் வேண்டும் என்பதால் டிராக் பார், டிஃபரன்ஷியல் மூடி இவற்றோடு உரசாமல் உங்கள் மாடலுக்கென்றே செய்த பிராக்கெட்டோடு வாங்க வேண்டும். பொதுவான ஒன்றை வாங்கி வளைத்து நிமிர்த்திப் பொருத்தும் பாகம் அல்ல இது. வெளியே தெரியும் தண்டுப் பரப்பும் அதிகம் என்பதால், சேறு காய்ந்து ஒட்டியதை அப்படியே விட்டால் சீல் சீக்கிரம் போகும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

35 அங்குல டயர், கொஞ்சம் உயரம் கூட்டிய சஸ்பென்ஷன், நெடுஞ்சாலையும் மண்சாலையும் கலந்த ஓட்டம் என்று இருந்தால் என் தேர்வு இதுதான், தயக்கமே இல்லை.

இரட்டை டேம்பரும் ராமும்

இரட்டை டேம்பர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். எதிரெதிராக வைக்கும்போது ஒன்றின் வாயுத் தள்ளலை மற்றொன்று சமன் செய்வது உண்மையான நன்மை. ஆனால் எதிர்ப்பு இரட்டிப்பாவதால் ஸ்டீரிங் மந்தமாகிறது, முன்பக்கத்தில் உள்ள கோளாறு இன்னும் ஆழமாக மறைகிறது, கல்லில் இடிபட ஒன்றுக்கு இரண்டு தொங்குகின்றன. அந்த விலைக்கு நல்ல ஒற்றை டேம்பரே கிடைக்கும்.

ராம் வேறு கதை. அது தடுப்பது மட்டுமல்ல, தள்ளவும் செய்கிறது. ஸ்டீரிங் பெட்டியில் துளையிட்டு அல்லது அதற்கென்றே தயாரான பெட்டியை வாங்கி, அங்கிருந்து எண்ணெய் அழுத்தத்தை எடுத்து டை ராடை நேராகத் தள்ளும் சிலிண்டர் அது. 37, 40 அங்குல டயர்களைப் பாறை இடுக்கில் நின்ற இடத்தில் திருப்ப வேண்டியவர்களுக்கு இதுவே வழி. அதைப் போட்டால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் தேவைப்படாது. செலவு ஆயிரக்கணக்கான டாலர். ஜே.கே.யில் எஞ்சின் சுழற்றும் பம்ப் இருப்பதால் வேலை எளிது. ஜே.எல்.லில் மின்சாரத்தால் ஓடும் ஹைட்ராலிக் பம்ப் என்பதால் பம்பையும் சேர்த்து மாற்றும் நிலை வரும். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமுள்ளவர்கள் ஒதுங்கியிருப்பதே நல்லது.

தரையைப் பார்த்து முடிவெடுங்கள்

சியரா நெவாடாவில் உள்ள ரூபிகான் டிரெயில் 22 மைல் நீளம், அதன் பெயரைத்தான் ராங்லரின் உயர் ரகம் தாங்கியிருக்கிறது. அங்கே வேகம் நடைவேகம். டேம்பரின் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது என்பதால், எந்த டேம்பரும் அங்கே பெரிதாக வேலை செய்வதில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி அது எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்பதுதான். ஜே.கே.யின் அசல் டேம்பர் ஆக்சிலுக்கு முன்னால் தாழ்வாக இருப்பதால் முதல் பெரிய கல்லே அதை வளைத்துவிடக்கூடும். பாறை ஏறுபவர்கள் விலையுயர்ந்த டேம்பருக்குப் பதிலாகச் சாதாரண டேம்பரையும், அதை உயர்த்திப் பொருத்தும் பிராக்கெட்டையும் வாங்கலாம்.

மண்சாலையில் ஸ்டீரிங் உதறலைக் குறைக்க டயரின் காற்றைக் குறைப்பதைவிட மலிவான வழி இல்லை. 35 பி.எஸ்.ஐ. அளவில் வைத்திருக்கும் டயரை வரிப்பள்ளச் சாலையில் 20 அளவுக்கு இறக்கினாலே பாதி உதறலை டயர் விழுங்கிவிடும். திரும்பி நெடுஞ்சாலையில் ஏறும் முன் காற்று நிரப்பச் சிறிய கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 2023-இல் இங்கே விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியும் முன்னும் பின்னும் திட ஆக்சிலும் காயில் ஸ்பிரிங்கும் கொண்ட வண்டி, ஸ்டீரிங் டேம்பரும் தொழிற்சாலையிலேயே வருகிறது. மேலே சொன்ன சோதனை முறை அதற்கும் அப்படியே பொருந்தும். டயர் சிறியது, வண்டி இலகுவானது என்பதால் அசல் பாகத்தைத் தாண்டிப் போக வேண்டிய தேவை குறைவு. 2020-இல் வந்த மஹிந்திரா தார் முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்டது. அதற்கு இந்த ஆலோசனைகளைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

பொருத்தும்போது

முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். பழைய போல்ட்டுகளில் முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். சில மாடல்களில் ஒரு முனை கூம்பு வடிவ ஸ்டட்டாக இருக்கும். சுத்தியலால் அடித்தே கழற்றப் பார்க்காமல், இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் பயன்படுத்துங்கள். இருபுறத் தண்டு டேம்பராக இருந்தால், சக்கரம் நேராக இருக்கும்போது பிஸ்டன் சரியாக நடுவில் இருக்கும்படி பிராக்கெட்டை நிறுத்தி முறுக்க வேண்டும்.

பொருத்திய பிறகு செய்ய வேண்டிய சோதனையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீரிங்கை இடக்கோடி வரை, பிறகு வலக்கோடி வரை திருப்புங்கள். சக்கரம் நிற்பது ஆக்சிலில் உள்ள ஸ்டீரிங் தடுப்பில் இடித்துத்தான் இருக்க வேண்டும். டேம்பரின் தண்டு முழுவதும் அமுங்கியோ முழுவதும் நீண்டோ நின்றால், நீளம் தவறு அல்லது பிராக்கெட் தவறான இடத்தில் இருக்கிறது. அப்படியே ஓட்டினால் டேம்பர் உடையும், அல்லது திரும்ப வேண்டிய நேரத்தில் வண்டி முழுதாகத் திரும்பாது. டை ராடில் கவ்வும் வகைப் பிராக்கெட் என்றால் அது நகர்ந்ததா என்று தெரிந்துகொள்ள, கவ்வியின் ஓரத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். முதல் மண்சாலைப் பயணம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள்.

கழற்றிய பழைய டேம்பர் நல்ல நிலையில் இருந்தால் தூக்கி எறியாமல், அதன் போல்ட்டுகளோடு வண்டியின் பின்னால் போட்டுவையுங்கள். காட்டுக்குள் புது டேம்பர் வளைந்துபோனால், வளைந்த தண்டு ஸ்டீரிங்கையே சிக்கவைத்துவிடும். அதை உடனே கழற்றி எடுத்துவிட வேண்டும். பழையதை மாட்ட முடிந்தால் மாட்டுங்கள். முடியாவிட்டால் டேம்பர் இல்லாமலே, வேகத்தைக் குறைத்து, ஸ்டீரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்து ஊர் வந்து சேரலாம்.